பெரிய மாமாவின் கான்டெஸாவுக்கு ஒரு கேம் ஷாஃப்ட்

போன மாதம் ஜி.எஸ்.டி. பற்றி எழுதினேன், அதற்கு முன்னால் தம்மடைக்கு எத்தனை முட்டை என்று எழுதினேன். இப்போது கேம் ஷாஃப்ட். "பி.காம் படிக்கிறவனுக்கு எதுக்குடா இந்த வேலை?" என்று பின்பெஞ்ச் நண்பன் ஒருவன் ஏற்கெனவே கேட்டுவிட்டான். கேள்வி நியாயமானதுதான். ஆனால் காக்கா அனுப்பிய அறுபதாயிரம் ரூபாயில் கிட்டத்தட்டப் பாதியை நான் தப்பாகச் செலவழித்த கதை இது. கணக்குப் படிக்கிறவன் கணக்குச் சொல்லியாக வேண்டும் இல்லையா?

முதலில் வண்டியைச் சொல்கிறேன். எங்கள் பெரிய மாமா (உம்மாவின் மூத்த காக்கா) ஜித்தாவில் பல வருடம் கடையில் நின்றவர். ஊருக்குத் திரும்பியதும் சென்னையில் செகண்ட் ஹேண்டில் ஒரு கான்டெஸா கிளாசிக் வாங்கினார். வெள்ளை நிறம். நாலரை மீட்டருக்கு மேல் நீளம். காயல்பட்டினத்து முடுக்குகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இரண்டு பெண்கள் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய அகலம். அந்த ஊரில் இந்த வண்டி! தெருமுனையில் திருப்புவதற்கு மாமா மூன்று முறை முன்னும் பின்னும் போவார். அந்தச் சத்தம் கேட்டால் மாமி உலையில் அரிசி போடுவார் என்று வீட்டில் கேலி பேசுவோம். மாமா மௌத்தாகி இரண்டு வருடம் ஆகிறது. வண்டி தோப்பில் தகரக் கொட்டகைக்குள் நின்றது. கடல் காற்று தகரத்தையும் தின்றது, வண்டியின் கதவு அடியையும் தின்றது.

கான்டெஸாவை "இந்திய மசில் கார்" என்று சொல்வார்கள். பார்வைக்குச் சரிதான். நீண்ட மூக்கு, அகலமான தோள். அமெரிக்காவில் 1964-ல் பான்டியாக் ஜி.டி.ஓ. வந்ததிலிருந்து மசில் கார் என்றால் நடுத்தர உடம்பில் பெரிய வி-8 எஞ்சின் என்றுதான் அர்த்தம். ஜி.டி.ஓ.வில் இருந்தது 389 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய 6.4 லிட்டர், சாதாரண கார்ப்பரேட்டரோடு 325 குதிரை சக்தி. கான்டெஸாவின் கதை தலைகீழ். வாக்ஸ்ஹால் கம்பெனி இங்கிலாந்தில் விட்டுவிட்ட உடம்பை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வாங்கி 1984-ல் இறக்கியது. உள்ளே வைத்தது அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சின். ஐம்பது குதிரையை வைத்துக்கொண்டு இந்த உடம்பை இழுத்தார்கள். (அதே காலத்தில், 1985-ல், சென்னையில் ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒன்று வந்தது. இங்கிலாந்தில் வி-8 ஓடிய ரோவர் உடம்பு, இங்கே அதற்குள் பழைய இரண்டு லிட்டர் எஞ்சின். பயில்வான் உடம்பில் கோழி இதயம் வைப்பது நம் நாட்டில் அப்போது ஒரு பாணி போல.) பிறகுதான் ஜப்பானின் இசுஸூ எஞ்சின் வந்தது. 1817 சி.சி., 88 குதிரை, ஐந்து கியர். மாமாவின் வண்டி அந்த ரகம். கான்டெஸா 2002-ல் நின்றுபோனது. இப்போது உதிரி பாகம் என்றால் காயலான் கடைதான் கதி.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

மாமி மாதம் ஒருமுறை தூத்துக்குடிக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாடகைக் கார் வைத்துக்கொண்டிருந்தோம். "மாமா வண்டியை ஓட வை, நான் அதுலயே போறேன்" என்றார் மாமி ஒருநாள். கொட்டகையிலிருந்து வெளியே எடுத்தோம். பேட்டரி மாற்றி, பெட்ரோல் டேங்க் கழுவி, ஸ்டார்ட் செய்தால் ஓடியது. ஆனால் மேலே ஹெட்டிலிருந்து "டக் டக் டக்" என்று ஒரு சத்தம், கூடவே மூன்று சிலிண்டரில் ஓடுவது போல ஒரு குலுக்கல். தூத்துக்குடியில் மீன்பிடி விசைப்படகு எஞ்சின்களும் பழைய கார்களும் பார்க்கிற அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். வால்வு மூடியைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். கேம் ஷாஃப்டில் ஒரு முட்டு பாதி தேய்ந்து உருண்டையாகி இருந்தது. "தம்பி, இந்த வால்வு பாதிதான் திறக்குது. மூச்சு விட முடியாம இருக்குது வண்டி" என்றார்.

மூச்சு என்று அவர் சொன்னது சரியான வார்த்தை. தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. எஞ்சின் காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுக்க ஒரு வால்வு, எரிந்த புகையை வெளியே தள்ள ஒரு வால்வு. இவற்றைத் தள்ளித் திறப்பது கேம் ஷாஃப்டில் இருக்கும் முட்டை வடிவ முட்டுகள். அடியில் இருக்கும் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. நிமிடத்துக்கு 3000 சுற்றில் எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 25 தடவை திறந்து மூடும். உள்வால்வு ஒருமுறை திறந்திருக்கும் நேரம் வினாடியில் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு அளவுதான். அதற்குள் மூச்சு இழுத்துக்கொள்ள வேண்டும். 6000-க்குப் போனால் அதிலும் பாதி.

நம் கடலில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ல். குளிப்பவனின் கயிற்றைப் படகில் பிடித்துக்கொண்டு நிற்பவன் அவனுடைய மச்சானாகத்தான் இருப்பான் என்று ஊரில் சொல்வார்கள். தங்கச்சியின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறதே! சீக்கிரம் இழுத்தால் சிப்பி குறையும், தாமதமாக இழுத்தால் ஆள் போய்விடுவான். எஞ்சினில் அந்த மச்சான் வேலையைச் செய்வது கேம் ஷாஃப்ட்.

அந்தத் தேய்ந்த ஷாஃப்டை மாற்றியே ஆகவேண்டும் என்றானதும் நான் செய்த முதல் தப்பு, துபாயில் இருக்கும் காக்காவுக்குப் போன் போட்டது. காக்கா தேய்ராவில் வேலை பார்க்கிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்கே பழைய மஸ்டாங், கமாரோ வைத்திருப்பவர்கள் வரிசையாக நிறுத்துவார்களாம். அவர் அனுப்பிய வீடியோவில் ஒரு வண்டி சும்மா நிற்கும்போதே "டுகு... டுகு டுகு... டுகு" என்று நொண்டி நொண்டி உறுமியது. "அதே சத்தம் வரணும்டா மாமா வண்டியில. காசு நான் அனுப்புறேன்." அறுபதாயிரம் வந்தது.

அந்த நொண்டல் எங்கிருந்து வருகிறது என்று அப்போது எனக்குப் பாதிதான் தெரியும். வெளிவால்வு மூடி முடிப்பதற்குள் உள்வால்வு திறக்க ஆரம்பித்துவிடும். கொஞ்ச நேரம் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும். ரேஸ் கேமில் இந்த நேரம் அதிகம். வேகமாக ஓடும்போது வெளியே பாயும் புகையே புதுக் காற்றை இழுத்துக்கொண்டு வரும், அதனால் லாபம். மெதுவாக ஓடும்போது புகை உள்ளே திரும்பி வரும், புதுக் கலவையைக் கெடுக்கும். ஒருமுறை எரியும், அடுத்தமுறை எரியாது. நாம் ரசிக்கிற அந்த "டுகு டுகு" எஞ்சின் மூச்சுத் திணறும் சத்தம்.

இந்த ரகக் கேம்களுக்குப் பெரிய வரலாறே உண்டு. ஷெவர்லேயில் ஜோரா ஆர்கஸ்-டன்டோவ் என்ற பொறியாளர் 1956 ஜனவரியில் தான் வடிவமைத்த கேமைப் போட்டு, டேடோனா கடற்கரை மணலில் கார்வெட்டை மணிக்கு 150 மைல் வேகத்தில் ஓட்டினார். "டன்டோவ் கேம்" என்றே அதற்குப் பெயர் நின்றுவிட்டது. அடுத்து வந்தது "30-30". உள்வால்வு, வெளிவால்வு இரண்டுக்கும் அங்குலத்தில் ஆயிரத்தில் முப்பது பங்கு இடைவெளி வைக்க வேண்டும் என்பதால் அந்தப் பெயர். 1967 முதல் 1969 வரை வந்த கமாரோ இசட்-28-ல் இதுதான். அந்த வண்டி ஐந்து லிட்டர் வரம்புள்ள டிரான்ஸ்-ஆம் போட்டிக்காகவே செய்யப்பட்டது, 302 கன அங்குல எஞ்சின். கீழே இழுவை கிடையாது, மேலே போகப் போகப் பறக்கும். போட்டிக்கு அது போதும், அங்கே யாரும் மாமியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

நான் இதையெல்லாம் படித்தேன். படித்ததில் எனக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கான்டெஸாவுக்கு ரெடிமேடாக ரேஸ் கேம் கடையில் தொங்காது. நல்ல நிலையில் இருக்கும் பழைய ஷாஃப்டைப் பிடித்து, அதைக் கிரைண்டிங் மெஷினில் புது வடிவத்துக்குக் கடைந்து வாங்க வேண்டும். 1992 முதல் வந்த அம்பாசடர் 1800 ஐ.எஸ்.இசட். வண்டியிலும் இதே 1817 சி.சி. இசுஸூ எஞ்சின்தான் என்பது நல்ல வேளை. கோயம்புத்தூர் உக்கடம் பழைய இரும்புக் கடை ஒன்றில் ஷாஃப்ட் கிடைத்தது, ஐயாயிரம். மாமா வண்டியின் ஷாஃப்டைப் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்துத்தான் வாங்கினேன். அங்கேயே ஒரு கிரைண்டிங் பட்டறை. அங்கிருந்தவர் நிதானமான மனிதர். முதலில் அவர் கேட்டது ஒரே கேள்வி. "தம்பி, ரோட்டுக்கா, ட்ராக்குக்கா?"

"ட்ராக்குக்குத்தான் சார்."

பொய். ஏன் சொன்னேன்? ரோட்டுக்கு என்றால் சின்னதாகக் கொடுத்துவிடுவாரோ என்ற பயம். மெனுவில் பெரிய பிரியாணி இருக்கும்போது சின்னது கேட்கிற பழக்கம் நம்மிடம் இல்லையே. அவர் நான் கேட்டதைக் கொடுத்தார். ஒரிஜினலைவிட வால்வு திறந்திருக்கும் காலம் 40 டிகிரிக்கு மேல் கூட. இரண்டு முட்டுகளின் உச்சிகளுக்கும் நடுவில் இருக்கும் கோணம் 106 டிகிரி. இந்தக் கோணம் குறைந்தால் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் கூடும். கூடவே கெட்டியான வால்வு ஸ்பிரிங் செட். ஷாஃப்டைத் துணியில் சுற்றிக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

அண்ணாச்சி அதை விரலால் தடவிப் பார்த்தார். "இது கொஞ்சம் கோவக்கார சாமானால்ல இருக்கு" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை, கஸ்டமர் காசு. ஆனால் வேலையை ஒழுங்காகச் செய்தார். பழைய சி.டி. ஒன்றின் மேல் கோணமானி ஒட்டி கிராங்க் முனையில் மாட்டி, வால்வு எந்த டிகிரியில் திறக்கிறது என்று பார்த்தார். வால்வு அதிகம் இறங்கினால் பிஸ்டனில் முட்டும் ஆபத்து உண்டு. என் மருமகனின் பள்ளிக்கூடக் களிமண்ணைப் பிஸ்டன் தலையில் அப்பி, ஹெட்டை மாட்டி, கையால் இரண்டு சுற்று சுற்றி, திரும்பக் கழற்றி, அமுங்கிய களிமண்ணைப் பிளேடால் வெட்டி அளந்தார். இரண்டு மில்லிமீட்டர். "தப்பிச்சோம்." புதுக் கேம் போட்டதும் எஞ்சினை ஐடிலில் விடக் கூடாது, முட்டுகளில் எண்ணெய் போதாமல் தேய்ந்துவிடும் என்று 2000 சுற்றில் இருபது நிமிடம் பிடித்தார். பிறகு ஆக்ஸிலேட்டரை விட்டார்.

டுகு... டுகு டுகு... டுகு.

பட்டறையில் இருந்த பையன்கள் விசில் அடித்தார்கள். வீடியோ எடுத்துக் காக்காவுக்கு அனுப்பினேன். நாலு நெருப்புப் படம் பதிலாக வந்தது. :-)

அடுத்த பத்து நாள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏசி போட்டால் வண்டி நின்றுவிடும். முதல் கியரில் கிளட்ச்சை விட்டால் குதித்து அணையும், அதனால் எப்போதும் உறுமிக்கொண்டே கிளம்ப வேண்டும். லிட்டருக்கு பத்து கிலோமீட்டர் போனது ஏழானது. புகைச் சான்றிதழ் எடுக்கப் போனால் தேறவில்லை, ஐடிலில் எரியாத பெட்ரோல் அப்படியே குழாய் வழியாக வருகிறதே. நாலாயிரத்துக்கு மேல் போனால் மட்டும் வேறு வண்டி மாதிரி பாயும், உண்மைதான். வீரபாண்டியன்பட்டினம் பக்கம் காலி ரோட்டில் விடியற்காலை ஒருமுறை பார்த்தேன். முடி சிலிர்த்தது. அதை மறைக்க மாட்டேன்.

பதினோராவது நாள் மாமியின் ஆஸ்பத்திரி நாள்.

திரும்பி வரும்போது ஆறுமுகநேரியில் பள்ளிக்கூடம் விட்ட நேரம். முன்னால் பஸ், பக்கத்தில் உப்பு லாரி, நடுவில் சைக்கிள் பிள்ளைகள். ஊர்ந்துகொண்டிருந்தோம். பிரேக்கை ஒருமுறை அழுத்தினேன், இரண்டாம் முறை அழுத்தினேன், மூன்றாம் முறை அழுத்தும்போது எஞ்சின் அணைந்துவிட்டது. பெடல் கல்லாகிவிட்டது. கல் என்றால் கல். வண்டி லேசான சரிவில் உருண்டுகொண்டே இருக்கிறது. இரண்டு காலையும் சேர்த்து மிதித்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். முன்னால் ஒரு சிறுமியின் சைக்கிள் மட்கார்டுக்கும் எங்கள் பம்பருக்கும் நடுவில் ஒரு சாண். அந்தப் பிள்ளை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யாருக்கும் ஒன்றும் தெரியாது, எனக்கும் மாமிக்கும் தவிர.

மாமி ஒன்றும் சொல்லவில்லை. வீடு வந்து இறங்கும்போது மட்டும் கேட்டார்: "இது மாமா வண்டிச் சத்தம் இல்லையேம்மா?"

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலேஜுக்குப் போகாமல் அண்ணாச்சியிடம் போனேன். அவர் வேக்கூம் கேஜ் ஒன்றை மாட்டினார். பிரேக் பூஸ்டர் என்று ஒரு வட்டமான டப்பா இருக்கிறதே, நம் கால் பலத்தைப் பெருக்குவது, அது வேலை செய்வது எஞ்சின் உள்ளே இழுக்கும் வெற்றிடத்தின் பலத்தில். பழைய கேமில் அதுவும் தேய்ந்த நிலையிலேயே ஐடிலில் பாதரச அளவில் 16 அங்குலம் இருந்தது என்று அண்ணாச்சி குறித்து வைத்திருந்தார். இப்போது ஒன்பது, அதுவும் முள் ஆடிக்கொண்டே. ஒன்பது அங்குலத்தில் இரண்டு மிதிக்குத்தான் சரக்கு. எஞ்சினும் அணைந்தால் மூன்றாவது மிதி உங்கள் சொந்தக் கால் பலம். நான் சத்தத்தை விலைக்கு வாங்கியபோது, கூடவே பிரேக்கை விற்றிருக்கிறேன். ரசீதில் அது இல்லை.

இந்த முறை முதலில் அளந்துவிட்டு வாங்கலாம் என்று முடிவெடுத்தேன். அண்ணாச்சியிடம் ஒரு டேக்கோ மீட்டரை இரவல் வாங்கி டேஷ்போர்டில் ஒட்டினேன். மாமியை ஏற்றாமல், கூட ஒரு நண்பனை உட்கார வைத்து, காயல்பட்டினத்திலிருந்து ஆறுமுகநேரி, ஆத்தூர், முக்காணி, பழையகாயல் வழியாகத் தூத்துக்குடி போய்த் திரும்பினோம். போக முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அவன் அரை நிமிடத்துக்கு ஒருமுறை முள்ளைப் பார்த்து எழுதினான். (பி.காம் மாணவனின் ஸ்டாக் ரிஜிஸ்டர் வாழ்க.) 60-ல் போகும்போது நாலாவது கியரில் 2100 சுற்று, ஐந்தாவதில் 1800. 80-ல் நாலாவது கியரில் 2800. மொத்தம் 115 நிமிடப் பயணத்தில் 3500-க்கு மேல் முள் போனது நாலு நிமிடம்கூட இல்லை, அதுவும் பழையகாயல் தாண்டி லாரிகளை முந்தியபோது. 5000-ஐ முள் பார்க்கவே இல்லை. ஐடிலில் நின்றது மட்டும் பதினெட்டு நிமிடம்: ரயில்வே கேட், ஆத்தூர் கடைத்தெரு, தூத்துக்குடி சிக்னல்கள். சூரசம்ஹாரம் சமயத்தில் திருச்செந்தூர் ரோட்டில் போயிருந்தால் ஐடில் கணக்கு மணிக்கணக்கில் வந்திருக்கும்.

அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. நான் வாங்கிய கேம் வாழ்கிற இடம் 4000-க்கு மேல். மாமாவின் வண்டி வாழ்கிற இடம் 3000-க்குக் கீழ். ஒரே ஊரில் இல்லாத இரண்டு பேருக்கு நிக்காஹ் செய்து வைத்திருக்கிறேன்.

ஏன் இரண்டும் ஒத்துவராது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலே ஏற ஆரம்பித்த பிறகும் உள்வால்வு கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். வேகமாக ஓடும்போது காற்று பாய்கிற வேகத்தில் பிஸ்டனை எதிர்த்தும் உள்ளே வந்துவிடும், அது லாபம். மெதுவாக ஓடும்போது இழுத்த காற்றில் ஒரு பங்கை பிஸ்டன் வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். அமுக்குவதற்குச் சரக்கே குறைவு, அப்புறம் இழுவை எங்கிருந்து வரும்? இதைச் சரிக்கட்ட ரேஸ்காரர்கள் ஹெட்டைச் சீவி அழுத்த விகிதத்தை ஏற்றுவார்கள், பின் அச்சின் கியரை மாற்றுவார்கள், கார்ப்பரேட்டரையும் புகைக் குழாயையும் மாற்றுவார்கள். கேம் தனியாக வருகிற சாமான் இல்லை, ஒரு குடும்பத்தோடு வரும். நான் மாப்பிள்ளையை மட்டும் கூட்டி வந்துவிட்டேன். மேலேயும் ஓடணும், கீழேயும் இழுக்கணும் என்றால் அதற்கு ஹோண்டா 1989-ல் வி-டெக் என்று வழி கண்டது. ஒரே ஷாஃப்டில் இரண்டு வகை முட்டு, வேகத்தைப் பார்த்து மாறிக்கொள்ளும். கான்டெஸாவில் அதெல்லாம் கனவு. ஒரே ஒரு வடிவம்தான், அதை ஒரே முறைதான் தேர்ந்தெடுக்க முடியும்.

கடைந்து சிறுத்த ஷாஃப்டைத் திரும்பச் சின்னக் கேமாக ஆக்க முடியாது, போன உலோகம் போனதுதான். மறுபடியும் ஒரு பழைய ஷாஃப்ட் தேடணும். உக்கடத்தில் இல்லை. சென்னை புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்து கிடைத்தது, இந்த முறை ஆறாயிரத்து ஐநூறு. அதே கோயம்புத்தூர் பட்டறைக்குப் போனேன். அவர் என்னை மறக்கவில்லை. "என்ன தம்பி, ரேஸ் ஜெயிச்சாச்சா?" என்றார். உண்மையைச் சொன்னேன், டேக்கோ தாளையும் நீட்டினேன். சிரிக்காமல் படித்தார். "இதை அன்னிக்கே கொண்டு வந்திருந்தா ஒரு ஷாஃப்ட் மிச்சம்" என்றார்.

பிறகு அவர் சொன்னபடி: ஒரிஜினலைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி மட்டும் கூட. உச்சிகளுக்கு நடுவில் 111 டிகிரி. வால்வு உயரத்தைக் கொஞ்சம் ஏற்றலாம், திறந்திருக்கும் காலத்தைக் கூட்டாமல் உயரத்தைக் கூட்டினால் ஐடில் அவ்வளவாகக் கெடாது. பழைய மென்மையான ஸ்பிரிங்கையே போடச் சொன்னார், தேவையில்லாத கெட்டி ஸ்பிரிங் முட்டைத்தான் தேய்க்கும். டிகிரியை எப்படி அளக்கிறார்கள் என்பதையும் அன்றுதான் கற்றுக்கொண்டேன். வால்வு அசைய ஆரம்பித்த கணத்திலிருந்து அளந்தால் ஒரு எண், அங்குலத்தில் ஆயிரத்தில் ஐம்பது பங்கு உயர்ந்த பிறகு அளந்தால் வேறு எண். ஒரே ஷாஃப்டுக்கு இரண்டு எண்ணுக்கும் நடுவில் ஐம்பது டிகிரிகூட வித்தியாசம் வரலாம். நான் முன்பு இரண்டு பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது ஒன்று இப்படி அளந்தது, ஒன்று அப்படி அளந்தது. வரிக்கு முந்தைய லாபத்தையும் வரிக்குப் பிந்தைய லாபத்தையும் ஒப்பிட்டவன் நான். இதைப் பரீட்சையில் செய்திருந்தால் சார் விடைத்தாளைக் கிழித்திருப்பார்.

மாட்டினோம். சி.டி., களிமண், இருபது நிமிடம், எல்லாம் மறுபடியும். ஆக்ஸிலேட்டரை விட்டதும் பட்டறைப் பையன்கள் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி சும்மா ஓடியது. வேக்கூம் கேஜில் முள் 17-ல் அசையாமல் நின்றது. ஏசி போட்டால் லேசாகத் தாழ்ந்து தானே சரியானது. புகைச் சான்றிதழ் கிடைத்தது. முக்காணிப் பாலத்து ஏற்றத்தில் நாலாவது கியரிலேயே ஏறுகிறது, முன்பு மூன்றாவதுக்கு இறக்க வேண்டியிருந்தது. மைலேஜ் பத்தரை. மேலே பாய்ச்சல் கிடையாது. 5000-க்கு மேல் களைத்துவிடும். விடியற்காலை காலி ரோட்டில் கிடைத்த அந்தச் சிலிர்ப்பு போனது போனதுதான். அதற்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் அதுவும் ஒரு பொய்.

காக்காவிடம் இதைச் சொல்ல மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். வீடியோ கேட்டுக்கொண்டே இருந்தார், நான் "நெட் இல்லை" என்று சமாளித்தேன். கடைசியில் ஒரு தாளில் வரவு செலவு எழுதி படம் பிடித்து அனுப்பினேன். வரவு 60,000. முதல் சுற்று: ஷாஃப்ட் 5,000, கிரைண்டிங் 12,000, ஸ்பிரிங் 4,500, கேஸ்கெட் 3,000, கூலி 3,500, ஆக 28,000. இரண்டாம் சுற்று: ஷாஃப்ட் 6,500, கிரைண்டிங் 8,000, கேஸ்கெட் 3,000, பஸ் செலவு 1,150, கூலி 2,000. அண்ணாச்சி இரண்டாம் தடவைக்குக் குறைத்துத்தான் வாங்கிக்கொண்டார். கீழே ஆறுமுகநேரியில் நடந்ததையும் எழுதினேன்.

இரண்டு நீலக் குறி விழுந்தது. அரை மணி நேரம் பதிலே இல்லை. பிறகு போன் வந்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "மாமி பயந்துட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "அந்த ரேஸ் ஷாஃப்டைத் தூக்கிப் போட்டுறாதே, நான் வரும்போது பார்க்கணும்" என்றார்.

அது இப்போது என் மேஜை மேல் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது. உப்புக் காற்றில் துருப்பிடிக்காமல் இருக்க வாரத்துக்கு ஒருமுறை எண்ணெய் தடவுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை தெருமுனையில் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தேன். முன்னால், பின்னால், முன்னால். எனக்கு மூன்று தடவையில் வராது, ஐந்து வேண்டும். வீட்டுக்குள் போனபோது மாமி அடுப்பைப் பற்ற வைத்திருந்தார்.

கையில் மீதி 11,350 ரூபாய். பூஸ்டரின் உள்ரப்பர் பழசாகிவிட்டது, அதை மாற்றிவிடு என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். அடுத்த ஆஸ்பத்திரி நாளுக்குள் முடிக்கணும்.